11.5 லட்சத்துக்கு ஒரு 520டி: வாங்கலாமா?

வாசகர் கேள்வி: திருப்பூரில் சிறிய பின்னலாடைத் தையல் யூனிட் நடத்துகிறேன். வயது 43. ஏழு ஆண்டுகளாக ஸ்விஃப்ட் டிசையர் டீசல் ஓட்டுகிறேன். வாரத்தில் ஒரு நாள் கோவைக்கும், மாதம் ஒருமுறை சென்னைக்கும் போய்வருவதால் ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டர் வரை ஓடுகிறது. அடுத்த வண்டிக்காக 13 லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். தரகர் ஒருவர் 2013ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ 520டி ஒன்றைக் காட்டியிருக்கிறார். டெல்லிப் பதிவு, இரண்டாவது உரிமையாளர், 78,000 கிலோமீட்டர், விலை 11.5 லட்சம். ஓட்டிப் பார்த்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறார். தம்பியோ இந்த விலைக்கு இப்படி ஒரு வண்டி இனிக் கிடைக்காது என்கிறான். இதைப் பராமரிக்க ஆண்டுக்கு என்ன செலவாகும்? டெல்லி எண்ணுடனேயே ஓராண்டு ஓட்டலாம் என்று தரகர் சொல்வது சரியா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கையில் 13 லட்சம் இருக்கிறது, வண்டிக்கு 11.5 லட்சம் கேட்கிறார்கள், மிஞ்சுவது ஒன்றரை லட்சம். அந்த ஒன்றரை லட்சம் இந்த வண்டியின் முதல் ஆண்டுக்கே போதாது என்பதால், இந்த விலையில், இந்தச் சேமிப்பை வைத்துக்கொண்டு இதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. ஓட்டிப் பார்த்து மனம் லயித்தவர்கள் எந்தக் கடிதத்தையும் தமக்குச் சாதகமான வரி வரும்வரைதான் படிப்பார்கள் என்பதை என் பட்டறையில் பலமுறை கண்டிருக்கிறேன். முதலில் ஒரு ஷோரூமின் சர்வீஸ் பிரிவிலும், பின்னர் சொந்தப் பட்டறையிலுமாக இருபத்தைந்து ஆண்டுகள் ஜெர்மன் கார்களோடு கழித்தவன் என்ற முறையில், அவை மோசமான வண்டிகள் என்று நான் சொல்லவே மாட்டேன். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் அந்த வண்டி தரும் அமைதியும், பிரேக்கை மிதிக்கும்போது வரும் நம்பிக்கையும் 11.5 லட்சத்துக்குக் கிடைக்கும் எந்தப் புது வண்டியிலும் இருக்காது. உங்கள் ஆசையில் பிழையில்லை. கணக்கில்தான் ஒரு பெரிய வரி விடுபட்டிருக்கிறது.

புதிதாக இருந்தபோது 40 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி இது. பன்னிரண்டு ஆண்டுகளில் அதன் விலை கால் பங்காகிவிட்டது. ஆனால் விலை இறங்கியது வண்டிக்கு மட்டும்தான். அதன் உதிரிபாகங்களுக்கு அல்ல. ஹெட்லைட், டர்போ, இன்ஜெக்டர், ஸ்டீயரிங் ராக் ஆகியவை இன்றும் 40 லட்சம் ரூபாய் வண்டிக்குரிய விலையில்தான் விற்கின்றன; சொல்லப்போனால் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகின்றன. டிசையரில் ஒரு ஹெட்லைட் உடைந்தால் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். இதில் ஒரு பக்கத்து ஹெட்லைட் முழுத் தொகுப்பாக ஒரு லட்சத்தைத் தொடும். யானை இனாமாகவே கிடைத்தாலும் தீனி யானையின் வயிற்றுக்குத்தான் போட வேண்டும்.

இவ்வளவு மலிவாக ஏன் கிடைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2025 ஆகஸ்டில் கடும் நடவடிக்கைகளுக்கு நீதிமன்றமே தடை விதித்துச் சற்றுத் தளர்த்தியபோதிலும், அதற்குள் டெல்லியின் பழைய டீசல் சொகுசு வண்டிகள் விலை சரிந்து, லாரி லாரியாகத் தெற்கே வரத் தொடங்கிவிட்டன. ஆகவே விலை குறைவு என்பதை மட்டும் வைத்து வண்டியில் ஏதோ குறை என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. உங்கள் வண்டி பெரும்பாலும் செங்கல்பட்டுக்கு அருகே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் உள்ள பி.எம்.டபிள்யூ ஆலையில் பூட்டப்பட்டு, டெல்லி போய், இப்போது பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். அதற்காக உதிரிபாகமும் உள்ளூர் விலைக்குக் கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பூட்டியது இங்கே என்றாலும் முக்கியப் பாகங்கள் கடல் தாண்டி, சுங்கம் கட்டித்தான் வருகின்றன.

விற்பவர்கள் அரிதாகவே வாய் திறக்கும் விஷயம் இன்ஜின். 2013ஆம் ஆண்டு 520டியில் இருப்பது என்47 என்ற இரண்டு லிட்டர் டீசல் இன்ஜின். வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் இயங்கவைக்கும் சங்கிலியான அதன் டைமிங் செயின் வழக்கம்போல் முன்பக்கம் இல்லாமல் கியர்பாக்ஸை ஒட்டிய பின்பக்கத்தில் அமைந்திருக்கிறது. செயின் தேய்ந்து தளர்ந்துபோவது இந்த இன்ஜினின் தொடக்க ஆண்டுகளில் உலகெங்கும் பேசப்பட்ட குறை. பிந்தைய ஆண்டுகளில் குறைந்ததே தவிர, பன்னிரண்டு வயது வண்டியில் அதை இல்லை என்று வைத்துக்கொள்ள முடியாது. செயினின் விலையைவிட அதை எட்டும் வேலைதான் பெரிது. கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கியாக வேண்டும். நல்ல தனியார் பட்டறையிலேயே ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். அறுந்துவிட்டாலோ வால்வுகள் பிஸ்டனில் மோதி, இன்ஜின் முழுவதையும் திறக்க நேரிடும். இரவு முழுதும் நின்று குளிர்ந்த இன்ஜினைக் காலையில் முதன்முதலாகக் கிளப்பும்போது பின்பக்கத்திலிருந்து உலோகம் உரசுவது போலவோ, சலசலவென்றோ ஓசை வந்தால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். நீங்கள் போகும்போது இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால், பானட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் காலை வருவதாகச் சொல்லுங்கள். நீங்கள் ஓட்டிப் பார்த்தபோது அது சூடாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா என்று கடிதத்தில் இல்லை.

அடுத்தது இ.ஜி.ஆர். கூலர். புகையின் ஒரு பகுதியைக் குளிரவைத்து மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் பாகம் இது. இதில் கூலன்ட் கசிந்து, புகைக்கரியோடு சேர்ந்து, சூட்டில் தீப்பிடித்த நிகழ்வுகள் 2018இல் தென்கொரியாவில் தொடர்ச்சியாக நடந்தன. 520டி உட்பட 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை அந்நாட்டில் மட்டும் நிறுவனம் திரும்ப அழைத்துப் பழுது நீக்கியது. உங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணைக் கோவையிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் கொடுத்து, அதன்மீது நிலுவையில் ஏதேனும் திரும்ப அழைப்பு உண்டா, இருந்தால் செய்து முடிக்கப்பட்டதா என்று கேளுங்கள். அதே எண்ணுக்கு என்னென்ன சர்வீஸ், எந்தெந்தக் கிலோமீட்டரில் நடந்தது என்பதும் அவர்களிடம் பதிவாகியிருக்கும். வண்டி உரிமையாளரின் ஒப்புதலோடு கேட்டால் பெற்றுவிடலாம். ஒப்புதல் தர அவர் தயங்கினால் அந்தத் தயக்கமே உங்களுக்கு ஒரு பதில்.

கியர்பாக்ஸைப் பொறுத்தவரை இந்த வண்டி பாக்கியசாலி. இசட்.எஃப். நிறுவனத்தின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் என் அனுபவத்தில் மிக உறுதியான ஒன்று. ஆனால் கார் நிறுவனம் அதன் எண்ணெயை ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை என்று சொன்னதை நம்பி, பெரும்பாலோர் மாற்றாமலேயே விற்றுவிடுகிறார்கள். கியர்பாக்ஸ் செய்த இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. அடித்தட்டு பிளாஸ்டிக்கால் ஆனது. ஃபில்டர் அதனோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருப்பதால் முழுத் தட்டையுமே மாற்ற வேண்டும். இதற்கு 40,000 முதல் 60,000 வரை எடுத்து வையுங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

78,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்பதை உங்கள் தம்பி பெரிய நற்சான்றாக எடுத்துக்கொள்வார். ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் கிலோமீட்டர் கணக்குத் தெரியாது, ஆண்டுக் கணக்குத்தான் தெரியும். சஸ்பென்ஷன் புஷ்கள், கூலன்ட் குழாய்கள், எண்ணெய் சீல்கள், கிராங்க் புல்லியின் உள்ளே இருக்கும் ரப்பர் ஆகிய எல்லாம் நின்றபடியே இறுகி வெடிக்கும். ஓட்டாமல் நிறுத்தி வைத்த வண்டியைவிட ஒழுங்காகச் சர்வீஸ் செய்து 1,30,000 ஓடிய வண்டியை நான் விரும்புவேன். அந்த 78,000 என்ற எண்ணே உண்மைதானா என்பதும் தனிக் கேள்வி. மீட்டரில் எண்ணைக் குறைப்பவர்கள் வண்டிக்குள் இருக்கும் சிறு கணினிகளான கன்ட்ரோல் யூனிட்டுகள் எல்லாவற்றிலும் குறைப்பதில்லை என்பதால், இந்த பிராண்டுக்குரிய ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையில் இணைத்துப் பார்த்தால் முரண்பாடு வெளிப்படும். இந்தச் சோதனைக்கு மூவாயிரமோ ஐந்தாயிரமோ கேட்பார்கள், கொடுங்கள். 2023 ஜூலையில் யமுனை கரை புரண்டதையும் அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியதையும் நினைவில் வைத்து, தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்கவும், சீட்டின் தண்டவாளத்தில் துரு உண்டா என்று பார்க்கவும் சொல்லுங்கள். பேட்டரியும் சில கன்ட்ரோல் யூனிட்டுகளும் டிக்கிப் பகுதியில் இருப்பதால், அங்கே தேங்கிய நீர் செய்யும் சேதம் சில மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும்.

இனி நீங்கள் கேட்ட ஆண்டுச் செலவு. கீழே வருபவை நல்ல தனியார் பட்டறையில், தரமான பாகங்களோடு செய்தால் ஆகும் தோராயத் தொகைகள்; ஷோரூமில் இதைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் கணினி நெடுந்தொலைவு கழித்துச் சர்வீஸ் கேட்டாலும், இந்த வயதில் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றச் சொல்வேன். உங்கள் ஓட்டத்துக்கு ஆண்டில் இரண்டு சர்வீஸ், ஃபில்டர்களோடு சேர்த்து 35,000. டயர்கள் ரன்ஃபிளாட் வகை. காற்றிறங்கினாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம் ஓடக்கூடியவை. அதனால் இந்த வகை வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது. ஒரு டயர் 20,000 வரை ஆகும். பக்கச் சுவர் கடினமாக இருப்பதால் நம் ஊர்க் குழிகளில் விழுந்தால் புடைத்துக்கொள்ளும். இரண்டு ஆண்டுக்கு ஒரு செட் என்றால் ஆண்டுக்கு 40,000. டயரின் பக்கவாட்டில் பொறித்த கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம், அதாவது பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் தூக்கி எறிய வேண்டிய டயர். பிரேக் பேட், டிஸ்க், லோயர் ஆர்ம், புஷ், பேட்டரி ஆகியவற்றைச் சராசரியாகப் பரப்பினால் ஆண்டுக்கு 55,000. பேட்டரியைக்கூடச் சும்மா மாற்றிவிட முடியாது. புதிது வந்திருப்பதை வண்டியின் கணினிக்கு ஸ்கேனர் வழியாகத் தெரிவிக்க வேண்டும். காப்பீடு 30,000 அளவில். இவற்றுக்கு மேல், இன்ஜெக்டர், டர்போ, ஏ.சி. கம்ப்ரஸர், டைமிங் செயின் என்று என்றைக்காவது ஒன்று வந்தே தீரும் என்பதால் ஆண்டுக்கு 65,000 ஒதுக்கி வைக்க வேண்டும். கூட்டினால் டீசல் நீங்கலாக இரண்டேகால் லட்சம், அதாவது மாதம் 19,000 ரூபாய். டீசலில் டிசையரைவிட ஆண்டுக்கு 45,000 வரை கூடுதலாகும்.

இது வழக்கமான ஆண்டுகளின் கணக்கு. முதல் ஆண்டில், முந்தையவர் தள்ளிப்போட்டவை எல்லாம் உங்கள் தலையில் விழும். விற்கப் போகிற வண்டிக்கு யாரும் புது டயரோ கியர்பாக்ஸ் எண்ணெயோ போடுவதில்லை. டயர், பேட்டரி, கியர்பாக்ஸ் எண்ணெய், முன்பக்கப் புஷ்கள் என்ற இந்த நான்கு மட்டுமே இரண்டு லட்சத்தை எளிதில் கடக்கும்.

செலவைக் குறைக்க நேர்மையான வழி ஒன்று உண்டு. ஷோரூம் முத்திரையுள்ள பெட்டியில் வரும் பாகங்களில் பலவற்றை உண்மையில் செய்பவை லெம்ஃபோர்டர், சாக்ஸ், மாலே, மான், போஷ், டெக்ஸ்டார் போன்ற நிறுவனங்கள்தான். அதே பாகத்தை அவர்கள் தம் சொந்தப் பெட்டியில் கணிசமாகக் குறைந்த விலையில் விற்கிறார்கள். ஆனால் அதே பெட்டியைப் போலியாக அச்சிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால் பில் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள். கதவு, கண்ணாடி, சீட் போன்றவற்றுக்குப் சென்னைப் புதுப்பேட்டைச் சந்தையின் பழைய பாகங்கள் தாராளமாகப் போதும். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் ஆகியவற்றைப் பழையதாக வாங்க நான் ஒருபோதும் ஒப்ப மாட்டேன்.

காப்பீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் பழைய சொகுசு வண்டி வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஐந்து ஆண்டு கடந்த வண்டியின் காப்பீட்டு மதிப்பை, அதாவது ஐ.டி.வி.யை, நீங்களும் நிறுவனமும் பேசி முடிவு செய்வீர்கள். இதற்கு 9 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். விபத்து நேர்ந்தால், பத்து ஆண்டு கடந்த வண்டியின் உலோகப் பாகங்களுக்குத் தேய்மானமாக 50 சதவீதம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கும் 50 சதவீதம். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி இந்த வயது வண்டிக்குப் பொதுவாகக் கிடைக்காது. ஆக, 3 லட்சம் ரூபாய்க்குப் பாகம் மாற்றினால் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் உங்கள் கையிலிருந்து போகும். அதைவிடக் கொடுமை, பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைக் கடந்தால் வண்டியை முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். 9 லட்சத்தில் முக்கால் பங்கு 6.75 லட்சம். முன்பக்க மோதலில் இரண்டு ஹெட்லைட், பம்பர், ரேடியேட்டர், பானட், இரண்டு ஏர்பேக் என்று போனால் இந்தத் தொகை எட்டிவிடும். சேசிஸ் வளையாத, நன்றாக ஓடக்கூடிய ஒரு வண்டி வெறும் கணக்கினால் பழைய இரும்பாகிவிடும். இதே மோதல் புது வண்டியில் பத்து நாள் பட்டறை வேலையோடு முடிந்துவிடும்.

இதையெல்லாம் படித்த உங்கள் தம்பி, அப்படியானால் மெர்சிடிஸ் இ கிளாஸ் பார்க்கலாமே என்று கேட்கக்கூடும். சின்னம் மாறும், கணக்கு மாறாது. அதிலும் காற்று சஸ்பென்ஷன் உள்ள பெரிய எஸ் கிளாஸ் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். அதில் காற்றுப்பை ஒன்று கசியத் தொடங்கினால் ஈடுகொடுக்க ஓயாமல் ஓடும் கம்ப்ரஸரும் சேர்ந்து போய்விடும்.

அப்படியானால் உங்களைப் போன்றவர் இந்த வகை வண்டியைத் தொடவே கூடாதா என்றால், தொடலாம். 13 லட்சத்தில் வண்டிக்கு ஒன்பது லட்சத்துக்கு மேல் கொடுக்காமல், நான்கு லட்சத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வைத்திருக்க முடியும் என்றால், முழு சர்வீஸ் வரலாறு உள்ள, தமிழ்நாட்டுப் பதிவு வண்டியாகத் தேடுங்கள். அது 1,20,000 ஓடியிருந்தாலும் பரவாயில்லை. டிசையரையும் விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் பாகத்துக்காக ஒரு வாரம் காத்திருக்கும் நாட்கள் வரும், அன்றைக்கும் கோவைக்குச் சரக்கு வாங்கப் போயாக வேண்டும். யூனிட்டின் வருமானம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குவது என்றால், ஆர்டர் இல்லாத மாதத்தில் இந்த வண்டி ஒன்றரை லட்சம் கேட்குமா என்று கணக்கிட்டுப் பாருங்கள். உங்கள் மனைவி ஒருவேளை இதைத்தான் நினைத்து வேண்டாம் என்றிருப்பார்.

கடைசியாக, டெல்லி எண். தரகர் சொல்வது பாதி உண்மை. வேறு மாநிலப் பதிவு வண்டி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் புதுப் பதிவு எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு. அதைத்தான் அவர் ஓராண்டுச் சலுகையாகத் திரித்துச் சொல்கிறார். ஆனால் வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 50ஆவது பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டு ஆயுள் வரியும் தனி. அது நீங்கள் கொடுக்கும் 11.5 லட்சத்தின் மேல் அல்ல, வண்டி புதிதாக இருந்தபோது இருந்த விலையின் மேல், வயதுக்கேற்ற சதவீதத்தில் கணக்கிடப்படும். 40 லட்சத்தில் ஒவ்வொரு சதவீதமும் 40,000 ரூபாய் என்பதால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே திருப்பூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2013 வண்டிக்கு 2028இல் பதினைந்து ஆண்டு முடிகிறது, அப்போது எஃப்.சி. பார்த்து, 5,000 ரூபாய் கட்டணமும் பசுமை வரியும் கட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதன்பின் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. அந்தத் தேதி நெருங்க நெருங்க மறுவிற்பனை விலையும் இறங்கும்.

எந்த வண்டியை வாங்கினாலும் முந்தைய உரிமையாளரின் பெயரிலுள்ள பாலிசியோடு சாலையில் இறங்காதீர்கள். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு சட்டப்படி வண்டியோடு உங்களுக்கு வந்துவிடும். உங்கள் வண்டிக்கான சேதப் பாதுகாப்போ, பதினான்கு நாளுக்குள் நீங்கள் பெயர் மாற்றக் கேட்காவிட்டால் கைவிட்டுப் போய்விடும். டெல்லி வண்டி என்றால் அங்குள்ள ஆர்.டி.ஓ.வின் தடையின்மைச் சான்றான என்.ஓ.சி., இரு தரப்பும் கையொப்பமிட்ட பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்கள், முந்தையவர் கடன் வாங்கியிருந்தால் அது தீர்ந்ததைக் காட்டும் வங்கியின் 35ஆம் படிவம் ஆகிய மூன்றும் அசலாகக் கைக்கு வரும்வரை முழுத் தொகையைக் கொடுக்க வேண்டாம். அடுத்த வாரம் அனுப்புகிறேன் என்று தரகர் சொன்னால், மிச்சப் பணத்தையும் அடுத்த வாரமே தருவதாகச் சொல்லுங்கள்.